வாசிப்பவள் சொல்லக் கூடாத சொல்

சுங்கை சிப்புட்டில் சர்வீசுக்கு விட்டிருந்த காரை வாங்கப் போனேன். மெக்கானிக் அண்ணன் சாவியோடு ஒரு கையுறையையும் நீட்டினார்.

"சீட்டுக்கு அடியில கெடந்துச்சும்மா. ஒரு கைக்குத்தான் இருக்கு. இன்னொண்ணத் தேடிப் பாத்தேன், காணோம்."

"இன்னொண்ணு இருக்காதுண்ணே," என்றேன்.

அது உன்னுடைய இடது கையுறை. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தது. காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் அதன் வாடை எழுந்தது: குதிரை வியர்வை, தோலுக்குப் போடும் சோப்பு, மழையில் நனைந்து காயாமலே கிடந்த துணியின் புழுக்கம். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. ஒவ்வொரு போட்டியின் காலையிலும் நீ ஒரு கையுறையைத் தொலைப்பாய். எப்போதும் வலது. பள்ளி வாத்தியக் குழுவுக்குச் சீருடை விற்கும் கடையில் மொத்தமாக ஆறு ஜோடி வாங்கி வைத்தேன். ஆறிலும் வலது போயிற்று. கேட்டால், "குதிரைக்கு கேரட் குடுக்கக் கழட்டினேன் லா, வச்ச எடம் தெரியல" என்பாய். வைத்த இடம் தெரியாத நீதான், ஒரு குதிரையின் நான்கு கால்களில் எது எப்போது தரையில் விழும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வாய்.

நீ போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. மூன்று நாள் போட்டி, மூன்று நாள் காய்ச்சல். மூன்று நாளும் ஒலிவாங்கியின் முன்னால் உட்கார்ந்து வர்ணனை செய்துகொண்டிருந்தாய். "மாத்திரை போட்டுட்டேன். நாளைக்குக் கடைசி நாள், முடிச்சிட்டுப் பாத்துக்கலாம்" என்று எனக்குச் செய்தி அனுப்பினாய். அது இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. அதன் கீழே நான் அனுப்பிய ஏழு பதில்களும் இருக்கின்றன. ஏழிலும் ஒரே விஷயம்தான்: ரத்தப் பரிசோதனைக்குப் போ. நீ மருத்துவமனைக்குப் போனபோது டெங்கி முற்றியிருந்தது.

அதற்கான கோபத்தை நான் எப்படியோ ஒரு மூலையில் வைத்துவிட்டேன். இது வேறு கோபம். இதை எங்கேயும் வைக்க முடியவில்லை, அதனால் உனக்கே எழுதுகிறேன்.

நாம் இருவரும் இடைநிலைப் பள்ளியில் முதல் ஆண்டு ஒரே மேசையில் உட்கார்ந்தவர்கள். உன் அப்பா ஈப்போ பந்தயத் திடலில் குதிரைகளைப் பராமரித்தவர். அந்த லாயத்துக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்ததால் உன் சட்டையில் எப்போதும் புல் ஒட்டியிருக்கும். நான் இடைவேளையிலும் புத்தகத்தைக் கீழே வைக்காதவள். இரண்டாவது நாளே எனக்கு 'லைப்ரரி' என்று பெயர் வைத்தாய். என் சொந்தப் பெயரை நீ சொல்லி நான் கேட்டது மொத்தம் நான்கைந்து முறை இருக்கும். அவை எல்லாம் உனக்கு என்னிடம் ஏதாவது காரியம் ஆக வேண்டியிருந்த நேரங்கள்.

பந்தயத்தில் ஓடி முடித்த குதிரைகளுக்கு என்ன ஆகும் என்று நான் அதுவரை யோசித்ததில்லை. அவற்றில் ஒன்றை ஹாஜியார் வாங்கினார். ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மனிதர். மீன்தலைக் கறி விற்றுச் சேர்த்ததைக் குதிரையில் போட்டார் என்று அவர் வீட்டிலேயே அவரைத் திட்டுவார்கள். சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் சும்மா போட்டிருந்த பழைய தோட்டத்து நிலத்தில் அவருக்கு ஒரு துண்டு இருந்தது. அங்கே குதிரைக்குக் கொட்டகை போட்டு, உன் அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். சவாரிக்கு நீ. சிவந்த நிறக் குதிரை. தாளில் அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் இருந்தது. நீ சிவப்பன் என்றாய், அது உடனே காதைத் திருப்பியது.

அந்தக் குதிரையை வைத்துக்கொண்டு நீ ட்ரெஸ்ஸாஜ் செய்யப் போகிறேன் என்றாய். என் அம்மாவுக்கு அதை விளக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. அம்மா ஹாஜியார் கடையில் சமையல்கட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். 'குதிரை ஓடாதா? அப்புறம் எதுக்குக் குதிரை?' என்பதுதான் அவருடைய கேள்வி. ஒரு நீள்சதுரத் திடல், அதைச் சுற்றி எட்டு ஆங்கில எழுத்துகள். எந்த எழுத்தில் நுழைய வேண்டும், எதில் திரும்ப வேண்டும், எங்கே நடை, எங்கே ஓட்டநடை, எங்கே கல்லாக நிற்க வேண்டும் என்று ஒரு தாளில் இருக்கும். அதன்படி சவாரி செய்வதுதான் தேர்வு. நடுவர் ஒவ்வொன்றுக்கும் புள்ளி போடுவார். இதைச் சொன்னதும் அம்மா, "பரீட்சையா? குதிரைக்குமா?" என்று பரிதாபப்பட்டார்.

அந்த மட்டத்துப் போட்டிகளில் தாளை மனப்பாடம் செய்ய முடியாதவர்கள் ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம். அந்த ஆள் திடலுக்கு வெளியே நின்று தாளை உரக்க வாசிக்க வேண்டும். சவாரி செய்பவர் கேட்டுக்கொண்டே செய்வார். வாசிப்பவர் எழுதியிருப்பதை மட்டும் வாசிக்கலாம். அதற்கு மேல் ஒரு சொல் வந்தால் அது வெளியிலிருந்து செய்த உதவி. மணி அடித்து, சவாரி செய்பவரை வெளியேற்றிவிடுவார்கள்.

"எனக்கு மனசுல நிக்காதுடி, லைப்ரரி. நீ வந்து படி" என்றாய்.

நான்கு வருடச் சனிக்கிழமைகள். எனக்கு வேலை பாடநூல்களுக்குப் பிழை திருத்துவது. வீட்டில் மேசை முன்னால் தனியாக உட்கார்ந்து செய்வது. வாரத்தில் எனக்குப் பிடித்த ஒரே காலை சனிக்கிழமைதான். அந்தக் காலையில் நான் அந்தப் பொட்டலில் குடையோடு நின்றேன். ஹாஜியார் கடையின் காலி எண்ணெய்த் தகரங்கள் எட்டில் நீ எழுத்துகளை எழுதி வைத்திருந்தாய். மழைக்குப் பிறகு ஒன்றிரண்டு தகரங்களை ஆடுகள் உருட்டிவிட்டிருக்கும். நான் போய் நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து, "சி-யில் இடப்பக்கம்" என்று கத்துவேன். தொண்டை வறண்டுவிடும். நீ வேண்டுமென்றே தப்பாகப் போவாய். நான் திட்டுவேன். "குதிரைக்கு அவசரமே கிடையாது. மனுசனுக்குத்தான் எல்லா அவசரமும்" என்று சிவப்பனின் கழுத்தைத் தட்டுவாய், நான் ஏதோ குதிரையைத் திட்டியதைப் போல.

பிறகு மாநில அணிக்கான தேர்வுப் போட்டி வந்தது.

உனக்கு அது என்ன என்று எனக்குத் தெரியும். குதிரை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அது இன்னொரு போட்டி. சொந்தக் குதிரை இல்லாதவளுக்கு அப்படி இல்லை. அணியில் பெயர் வந்துவிட்டால் நாளைக்கு வேறொருவர் தன் குதிரையை நம்பிக் கொடுப்பார். ஒரு குதிரையிலிருந்து இன்னொரு குதிரை, அதிலிருந்து இன்னொன்று, அப்படித்தான் உன்னைப் போன்றவர்களின் தொழில் வளரும். உன் அப்பா கொட்டகையில் உன் காலணிகளுக்கு மூன்று முறை பாலிஷ் போட்டார்.

பாதிக்கு மேல் நன்றாகவே போனது. நீ எச் பக்கத்திலிருந்து ஓட்டநடையில் வந்தாய். நான் எதிர்ப்பக்கம், பி-க்கு வெளியே நின்றிருந்தேன். "ஈ-யில் இடப்பக்கம் திரும்புக" என்று ஆங்கிலத்தில் நிதானமாக வாசித்தேன். அந்த நேரம் பார்வையாளர் பக்கத்தில் யாரோ ஒரு பெரிய குடையைப் படாரென்று விரித்தார்கள். சிவப்பன் ஒரு காதைத் திருப்பியது. நீ ஈ-க்கு வந்துவிட்டாய். திரும்பவில்லை. மறந்துவிட்டாய் என்று நினைத்தேன்.

"திரும்புடி," என்றேன்.

அவ்வளவுதான். நான்கு வருடம் ஒரு சொல் கூட்டாமல் வாசித்தவள், அன்று கூட்டினேன். நீ அழகாகத் திரும்பினாய். அதற்குள் மணி அடித்துவிட்டது. நடுவர் சிம்பாங் பூலாயைச் சேர்ந்த பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. அவருக்குத் தமிழ் தெரியும். தெரியாவிட்டாலும் அந்த முகத்தோடு நான் கத்தியது வாசிப்பு இல்லை என்று யாருக்கும் புரிந்திருக்கும்.

நீ இறங்கி வந்து என் தோளில் கை போட்டாய். "நல்ல வேளை சொன்னே. எனக்குச் சுத்தமா மறந்து போச்சு. நீ சொல்லாட்டி நேரா போயி செவுத்துல முட்டியிருப்பேன்" என்று சிரித்தாய். குதிரையை ஏற்றி வந்த லாரிக்குப் பக்கத்தில் ஹாஜியாரோடு நீ தனியாக நின்று பேசியதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வாரம், சிவப்பனுக்கு வேறு ஆள் பார்த்துவிட்டதாகச் சொன்னாய். "ஹாஜியாருக்குத் தோத்தது புடிக்கல லா. விடு" என்றாய். விட்டுவிட்டேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லையே என்று ஒரு நிமிடம் தோன்றியது. அவரிடம் போய்க் கேட்கும் தைரியம் எனக்கு இல்லாததால், அந்த ஒரு நிமிடத்தையும் விட்டுவிட்டேன்.

அதன் பிறகு உனக்கு யாரும் குதிரை தரவில்லை. ஒருவர்கூட. நீ விண்ணப்பித்தாய், நேரில் போய் நின்றாய், லாயம் கூட்டும் வேலையாவது கொடுங்கள் என்றாய். எங்கும் இல்லை. ஒரு தோல்விக்கா இவ்வளவு என்று நான் வியந்தேன். பிறகு ஒரு போட்டியில் வர்ணனையாளர் வந்து சேரவில்லை. நீ ஒலிவாங்கியை எடுத்தாய், திருப்பிக் கொடுக்கவே இல்லை. நேரலையில் மலாயில் தொடங்கி, ஆங்கிலத்தில் போய், தமிழில் வந்து முடிப்பாய். குதிரைப் போட்டியைப் பற்றி ஒன்றும் அறியாதவர்களும் உனக்காகப் பார்த்தார்கள். தீபகற்பம் முழுக்க, பேருந்தில், ஒரு பையோடு போய் வந்தாய். எனக்கு உன் வர்ணனை பிடிக்காது. இப்போதும் சொல்கிறேன். பரதநாட்டியத்தோடு ஒப்பிடாதே என்று எத்தனை முறை சொன்னேன். குதிரை அசையாமல் நிற்கும் அந்த நான்கு விநாடிகளிலாவது சும்மா இரு என்று எத்தனை முறை சொன்னேன். "கொஞ்சம் வாயை மூடு" என்று நேரலையின்போதே செய்தி அனுப்பினால், "சுங்கை சிப்புட்டிலேருந்து ஒரு தீவிர ரசிகை என்னைய வாய மூடச் சொல்றாங்க, அவங்களுக்கு வணக்கம்" என்று அதையும் படித்துவிடுவாய்.

ஒரே ஒரு முறை நீ பேசாமல் இருந்ததைக் கேட்டிருக்கிறேன். ஒரு சின்னப் பெண்ணுக்கு அவள் தாய் வாசித்தார். ஏதோ ஒரு சொல்லைக் கூடுதலாகச் சொன்னார், மணி அடித்தது. நீ கொஞ்ச நேரம் எதுவுமே சொல்லவில்லை. ஒலி அறுந்துவிட்டதோ என்று நான் கைப்பேசியைத் தட்டிப் பார்த்தேன். பிறகு, "அம்மாவைத் திட்டாதீங்க. அடுத்த குதிரை வருது" என்றாய்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு ஹாஜியார் வந்தார். வீட்டு முன்னால் போட்டிருந்த கூடாரத்தில், என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நல்ல புள்ள. அல்லா சாட்சியா சொல்றேன், குதிரை மேல அப்படிக் கை வச்ச இன்னொரு ஆள நான் பாக்கல," என்றார். "அந்த ஒரு நாள்தான் தப்புப் பண்ணிட்டா. போனவங்கள குத்தம் சொல்லக் கூடாது. ஆனாலும் உன்னையும் சேத்து அதுல மாட்டி விட்டுருச்சே, அதான் எனக்கு வருத்தம்."

"என்ன தப்பு, ஹாஜியார்?"

"அதான்மா, திடல்ல மறந்தா கத்தணும்னு உங்கிட்ட முன்கூட்டியே சொல்லி வச்சது. அவளே எங்கிட்ட சொன்னா லா. 'நான்தான் ஏற்பாடு பண்ணினேன், அவ மேல தப்பு இல்ல'ன்னு. தோக்குறது பரவால்ல. ஏமாத்துறவங்கள என் குதிரை மேல நான் ஏத்த மாட்டேன்."

யாரோ அவரிடம் குளிர்பானத்தை நீட்டினார்கள். அவர் சொன்னது எனக்கு முழுதாகப் புரியும்போது, அவர் எழுந்து உன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. நீயும் நானும் அப்படி ஒரு பேச்சைப் பேசியதே இல்லை. என் வாய்தான் தானாகத் திறந்தது. அதை உன் தலையில் ஏன் போட்டுக்கொண்டாய்? யோசித்துப் பார்த்தால் ஒரே காரணம்தான் கிடைக்கிறது. ஹாஜியார் அன்று என் மீது கோபமாக இருந்திருப்பார். என் அம்மா அவர் கடையில் வேலை செய்கிறார். அந்த வேலை போய்விடும் என்று நீயாக முடிவு செய்துவிட்டாய். என்னைக் கேட்டாயா? அம்மாவைக் கேட்டாயா? யாரையும் கேட்காமல் உன் தொழிலைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே வந்து என் தோளில் கை போட்டாய்.

இது தெரிந்த பிறகும் பத்து மாதம் நான் ஹாஜியாரிடம் போகவில்லை. அதற்கு உன்னைக் குற்றம் சொல்ல முடியாது. எனக்கு மனிதர்களிடம் பேசுவது கஷ்டம். கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுகிறவள் நான். நாளைக்கு, நாளைக்கு என்றே இருந்தேன். கையுறை கிடைத்த அன்று காரை வீட்டுக்குத் திருப்பவில்லை. நேராக ஈப்போவுக்கு விட்டேன்.

மதியக் கூட்டம் கலைந்திருந்தது. ஹாஜியார் கல்லாவுக்குப் பின்னால் வெற்றிலைப் பெட்டியோடு இருந்தார்.

"வாம்மா. அம்மாவப் பாக்க வந்தியா? தே தாரிக் குடிக்கிறியா?"

"வேணாம் ஹாஜியார். ஒண்ணு சொல்லணும்."

நின்றபடியே சொன்னேன். அவர் வெற்றிலையைக் கிள்ளுவதை நிறுத்தினார்.

"இல்லையே. அவளே சொன்னாளே."

"பொய் சொன்னா."

"எதுக்கு?"

"நீங்க என் மேல கோவப்பட்டு அம்மாவை வேலைய விட்டு நிறுத்திடுவீங்கன்னு நினைச்சிருப்பா."

அவர் முகம் மாறியதை நீ பார்த்திருக்க வேண்டும். கோபத்துக்கு முன்னால் ஏதோ ஒன்று வந்து போனது. "உங்கம்மா இருபது வருசமா எங்கிட்ட இருக்காங்க. குதிரைக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்? என்னைய அப்படி ஒரு ஆளாவா நெனச்சா?"

"தெரியல."

"நெனச்சிருக்கா. அதான் சொல்றியே." பெட்டியை மூடினார். "ஆறு வருசம். எதிர்ல வந்தா பேசாம போயிருவேன். நோன்புப் பெருநாளைக்கு வாழ்த்து அனுப்புவா, பதில் போட மாட்டேன். இத இப்ப வந்து சொல்றே. நான் யாருகிட்ட போயி மன்னிப்புக் கேக்குறது? நீ சொல்லு."

வெற்றிலைப் பெட்டியைக் கல்லாவுக்குள் தள்ளினார்.

"எத்தன பேரு எங்கிட்ட கேட்டாங்க தெரியுமா, அந்தப் பொண்ணுக்குக் குதிரை குடுக்கலாமான்னு? நாலு பேரு. நாலு பேருகிட்டயும் வேணாம்னுதான் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன்." கல்லாவைப் பூட்டி எழுந்தார். "சனிக்கெழம என்ன வேல ஒனக்கு?"

"சனிக்கிழமை வேலை இல்ல."

"அப்ப நீ வந்து ஒன் வாயால சொல்லு. நான் சொன்னா, கெழவன் மனசு மாறிட்டான்னு நெனப்பாங்க. நானும் வாரேன். வேன் எடுத்துக்கலாம்."

இப்படித்தான், பேசப் பிடிக்காத நானும் என்மேல் கோபமாக இருக்கும் ஹாஜியாரும் கறி மசாலா வாசம் அடிக்கும் வேனில் ஊர் ஊராகப் போகிறோம். உன்னால். வழி முழுக்க அவர் உன்னைத் திட்டுகிறார். நான் ஆமாம் போடுகிறேன். தாப்பா தாண்டியதும் நான் திட்டத் தொடங்கினால், "போன புள்ளைய அப்படிப் பேசாதே" என்கிறார்.

முதலில் பீடோர். அங்கே சவாரிப் பள்ளி நடத்தியவர் இப்போது கொய்யாத் தோட்டம் போட்டிருக்கிறார். நான் சொல்லி முடித்ததும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்க அவளைத்தான் கேக்கலாம்னு இருந்தேன். ரெண்டு குதிரை சும்மா நின்னுச்சு. அவளையே ஓட்டச் சொல்லியிருப்பேன்," என்றார். ஹாஜியார் கொய்யா மரங்கள் பக்கம் நடந்து போய்விட்டார்.

அடுத்த வாரம் இன்னொருவர், அவர் வெளிக்கதவைப் பாதிதான் திறந்தார். அதற்கடுத்த சனிக்கிழமை சிம்பாங் பூலாய். அன்றைய நடுவர் அம்மாவின் வீடு. போட்டி முடிந்த அன்று மாலையே ஹாஜியார் அவரைக் கூப்பிட்டு, 'என் ஆள் செய்த மோசடிக்கு மன்னித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லியிருந்தாராம். நடுவர் அம்மா நான் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார்.

"மணி அடிச்சது சரிதான். மறுபடியும் நடந்தாலும் அடிப்பேன்," என்றார்.

"தெரியும், டீச்சர்."

"ஆனா ஏற்பாடுன்னு இவர் சொன்னப்பவே எனக்கு இடிச்சுது. மறக்கிற ஆளுதானே ஏற்பாடு பண்ணுவாங்க. அந்தப் பொண்ணு மறக்கலயே."

"மறந்துட்டா. அவளே எங்கிட்ட சொன்னா."

அவர் என்னைப் பரிதாபத்தோடு பார்த்தார். ஒரு காலத்தில் மாணவிகளை அப்படிப் பார்த்திருப்பார். "குடை விரிஞ்சதுல குதிரை மிரளப் போச்சு. அது காது மறுபடி முன்னால வர்ற வரைக்கும் அரை நொடி பிடிச்சு வச்சா. அப்புறம் திருப்பினா. நீ சொல்லலேன்னாலும் அதே எடத்துலதான் திருப்பியிருப்பா. இடது கை ஏற்கனவே தயாராயிடுச்சு, நான் பாத்தேன்." பிறகு சொன்னார்: "வாசிக்க ஆள் வேணும்னு இருக்கிறவங்க தலை கொஞ்சம் வாசிக்கிறவங்க பக்கம் சாயும். கேக்கணும்ல. இவ தலை ஒரு தடவ கூட ஒன் பக்கம் சாஞ்சதில்ல. ரெண்டு மூணு போட்டியில பாத்திருக்கேன். இந்தப் புள்ளைக்கு எதுக்கு வாசிக்க ஒரு ஆளுன்னு பக்கத்துல உக்காந்து புள்ளி எழுதுற எழுத்தர்கிட்ட கூடக் கேட்டேன்."

வேனில் ஹாஜியார் சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"அவளுக்கு எல்லாம் மனப்பாடம்," என்றார்.

"ம்."

"அப்ப நாலு வருசம் ஒன்ன எதுக்கு வெயில்ல நிக்க வச்சா?"

"தெரியல, ஹாஜியார்."

"தெரியலயா?" என்று என்னைப் பார்த்தார். பிறகு வேனைக் கிளப்பினார்.

தெரியாமல் இல்லை. நீ கூப்பிடாவிட்டால் அந்த நான்கு வருடச் சனிக்கிழமைகளில் நான் எங்கே இருந்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். கதவைச் சாத்திய ஓர் அறையில், யாரோ எழுதியதைத் திருத்திக்கொண்டு. அதை என்னிடம் சொல்லியிருக்கலாமே. 'சும்மா வாயேன்' என்று கேட்டிருந்தால் வந்திருக்க மாட்டேன் என்று நினைத்தாய். வந்திருக்க மாட்டேன்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். உன் கணக்குகளில் பாதி தப்பு, ஹாஜியாரைப் பற்றியது படு மோசமான தப்பு. என்னைப் பற்றியது மட்டும் சரியாக இருந்திருக்கிறது.

என் சொல் உனக்குத் தேவைப்படவில்லை. தேவைப்படாத அந்தச் சொல்லுக்காக நீ குதிரையை இழந்தாய். தேவைப்பட்டது என்று நான் நம்ப வேண்டும் என்பதற்காக, மறந்துவிட்டேன் என்று ஒரு பொய். என் அம்மாவுக்காக இன்னொரு பொய். இரண்டையும் வைத்துக்கொண்டு ஆறு வருடம் என்னோடு சாப்பிட்டாய், ஊர் சுற்றினாய், என் புத்தகங்களில் தேநீர் சிந்தினாய். ஒரு நாளாவது கோபம் வந்திருக்காதா உனக்கு? வந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். அந்த வாய்ப்பைக்கூட எனக்குத் தரவில்லை.

இன்னும் இரண்டு பேர் பாக்கி. ஒருவர் கம்பாரில், இன்னொருவர் தைப்பிங்கில். இந்தச் சனிக்கிழமை ஏழு மணிக்கு ஹாஜியார் வாசலில் வந்து நின்று ஹாரன் அடிப்பார். அண்டை வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனாலும் போவேன். முதல் வாரம் பீடோர் போகும் வழியில், எங்கே தொடங்குவது என்று ஒரு தாளில் நான்கு விதமாக எழுதி அடித்தேன். இப்போது எழுதுவதில்லை. "தப்புப் பண்ணினது நான்" என்று தொடங்கிவிடுகிறேன். வெளிக்கதவைப் பாதி மட்டும் திறந்து நிற்பவர்கள்கூட, அதைக் கேட்டதும் உள்ளே போய் எனக்கு ஒரு நாற்காலி எடுத்து வருகிறார்கள்.